பின்னச்சும் பிடிப்பும்

மன்னார்த் தீவில் காற்று வலுத்து வீசுங் காலத்தில் மணல் வீதியின்மேல் ஏறிப் படிவதுண்டு. தலைமன்னார் வீதியில் விரைந்து வரும் காரின் ஒரு பின்சக்கரம் தாரிலும் மற்றையது மணலிலும் உருளும் வேளையில் அதனைக் காப்பது எஞ்சினின் வலிமையன்று; பின்சக்கரங்களை உடலோடு பிணைத்த முறையேயாகும். வீட்டு முற்றத்தில் விரைவுக் கார் ஒன்றைத் தாமே அமைக்க விழையும் இளைஞர் முதலில் எண்ணவேண்டியது இதுவே.

முறைகள் பலவெனினும் அடிப்படையில் அவை இரண்டு. ஒன்று, இரு சக்கரங்களையும் ஒரே அச்சிற் பூட்டித் தட்டு விற்களின்மேல் உடலைத் தாங்குவது. மாட்டுவண்டியைப் போல, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றையதும் சரியும். டிபரன்ஷியல் பெட்டியின் பாரமும் அச்சோடு சேர்ந்து துள்ளுவதால் சக்கரம் தரையை விட்டு எளிதில் எழும். எனினும் வளைவில் உடல் சாய்ந்தாலும் சக்கரங்கள் நிமிர்ந்தே நிற்கும்.

மற்றையது, சக்கரங்களைத் தனித்தனியே இயங்கவிடுவது. பாரங் குறைந்த சக்கரம் வீதியின் மேடு பள்ளங்களை நன்கு தொடரும். ஆனால், அளவு பிழைத்தால் ஆபத்து. இதன் எளிய வகையில், டிபரன்ஷியலின் இருபுறமும் அரையச்சுகள் ஊசலாடும். கடும் வளைவில் உடல் மேலெழச் சக்கரங்கள் உள்மடங்கி, கார் கவிழவுங் கூடும். 1960ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்காவில் வெளிவந்த கொர்வெயர் கார் இவ்வமைப்பினாற் கண்டனத்துக்குள்ளாயிற்று. 1965ஆம் ஆண்டு மாதிரியில் அமைப்பே மாற்றப்பட்டது.

வடபுல வீதிகளில் நெடுங்காலம் உழைத்த மொறிஸ் மைனரை நேயர்கள் அறிவர். 1948இல் வெளிவந்த அக்காரை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். அவரே 1930களில் நண்பர் ஜோர்ஜ் டௌசனோடு சேர்ந்து பந்தயக் கார் ஒன்றைத் தம் கையாலேயே அமைத்தவர். அதில் நான்கு சக்கரங்களும் தனித்தியங்கின, றப்பரே வில்லாயிற்று. அத்தகையவர், மைனரில் முன்சக்கரங்களை மட்டும் தனித்தியங்கவிட்டு, பின்புறத்தில் ஒற்றை அச்சையும் தட்டு விற்களையுமே வைத்தார். அஃது அறியாமையால் அன்று. எளிமைக்கும் உறுதிக்கும் அதற்குரிய இடம் உண்டு.

ஆதலின், முதன்முறை கார் அமைப்போர் ஒற்றை அச்சையே கொள்வது நன்று. அச்சு முன்பின் நகராதவாறும் முறுகாதவாறும் தடுக்கும் தண்டுகளும், பக்கவாட்டில் நகராதவாறு குறுக்குத் தண்டு ஒன்றும், தகுந்த ஷொக் அப்சோபர்களும் பொருத்தினால் அதன் குறைகளிற் பல நீங்கும். விற்களை மிகக் கடினமாக்கினால் சக்கரம் துள்ளிப் பிடிப்பை இழக்கும். உப்புக் காற்று இரும்பை அரிக்கும் கரையோரத்தில், தட்டுகளையும் ஒட்டுவேலைகளையும் அடிக்கடி சோதித்தல் வேண்டும்.

முதலோட்டம் பொதுவீதியில் ஆகாது. அங்கே பள்ளிப் பிள்ளைகளும் நடக்கின்றனர், கழுதைகளும் குறுக்கிடுகின்றன. தன் கைவேலையின் எல்லையை அறிந்து தெரிவு செய்பவனே, விரைந்து செல்லவும் வீடு திரும்பவும் வல்லவன்.