புகைக்குழாயில் ஒரு வெடிப்பு



பாட்டனார் வாங்கிய மொரிஸ் மைனரைப் பேரன் ஓட்டிச் செல்லும் காட்சி நம் நாட்டில் புதியதன்று. 1948 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த அவ்வண்டியின் உற்பத்தி 1970களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆயினும், நம்மவர் கைப்பக்குவத்தினால் அது இன்றும் ஓடுகின்றது. அத்தகைய வண்டியொன்றில் என் உறவினர் குடும்பம் மழைக்கால இரவொன்றிற் பயணஞ் செய்தது. கண்ணாடிகள் யாவும் மூடியிருந்தன. பின்னாசனத்திலிருந்த பிள்ளைகள் தலையிடி என்றனர், ஒருவன் சத்தியெடுத்தான். பயணக் களைப்பென்று எண்ணித் தேசிக்காயை மணக்கக் கொடுத்தனர். வண்டியை நிறுத்தி இறங்கிக் காற்றாட நின்ற பின்னரே பிள்ளைகள் தெளிந்தனர்.

மறுநாள் காரணம் தெரிந்தது. எஞ்சினிலிருந்து எரிந்த புகையை ஒன்றுசேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்பு உறுப்பாகிய மனிபோல்ட் வெடித்திருந்தது. அவ்வெடிப்பினூடே கசிந்த புகை, முன்தட்டிலுள்ள துவாரங்கள் வழியாக வண்டிக்குள் புகுந்திருந்தது. அப்புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. உறங்குபவரை உறக்கத்திலேயே கொல்ல வல்லது.

வெடிப்பு ஏன் ஏற்படுகின்றது? அடுப்பிற் காய்ந்த மண்சட்டியிற் குளிர்ந்த நீரை ஊற்றினால் நிகழ்வதை நாமறிவோம். சூடேறிய வார்ப்பிரும்பில் வெள்ளம் தெறித்தாலும் அவ்வாறே நிகழலாம். புகைக்குழாயைத் தாங்கும் பிடி கழன்று அதன் பாரம் முழுவதும் மனிபோல்ட்டிலே தொங்குவதும், சுரைகளைச் சமமின்றி இறுக்குவதும் வேறு காரணங்கள்.

காலையில் வண்டியைக் கிளப்பும்போது 'டிக், டிக்' என்னும் ஓசை எழுந்து, சூடேறியதும் குறைந்தால் ஐயுறுங்கள். இரும்பு விரிந்து வெடிப்பை மூடுவதனால் ஓசை அடங்குகின்றதேயன்றி, நோய் தீரவில்லை. வெடித்த இடத்திற் கரிக்கோடு படிந்திருப்பதையும் காணலாம்.

இனி, மாற்றும் முறையைக் கூறுவேன். எஞ்சின் நன்கு ஆறட்டும். பற்றரித் தொடுப்பைக் கழற்றுங்கள். மைனரிற் காபரேற்றரும் அதே பக்கத்தில் இருப்பதால் பெற்றோல் சிந்தாது அதனை அகற்றுங்கள். அருகில் நெருப்பு வேண்டாம். துருவேறிய சுரைகளுக்கு முதனாளிரவே துருநீக்கும் எண்ணெய் இடுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் ஸ்ரட் முறியும். அரைநாள் வேலை மூன்று நாளாகும்.

1956 ஆம் ஆண்டில் வந்த 948 சி.சி. எஞ்சினின் தலையிற் புகை வெளியேற மூன்று வாய்களும், கலவை உட்செல்ல இரண்டு வாய்களும் உண்டு. அம்முகத்திற் பழைய காஸ்கெற்றின் துணுக்கேதும் எஞ்சாது சுரண்டுங்கள். மாற்றுறுப்பின் முகம் நேராயுள்ளதா என்று நேர்விளிம்புச் சட்டத்தை வைத்துப் பாருங்கள். பழைய காஸ்கெற்றை மீண்டும் இடுவது வீண் சிக்கனம். பித்தளைச் சுரைகள் துருப்பிடித்து இறுகுவதில்லை, அவற்றையே இடுங்கள். நடுவிலிருந்து இருபுறமும் சிறிது சிறிதாக இறுக்கி, வண்டி ஓடிச் சூடேறி ஆறிய பின் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். தொங்கும் குழாய்க்குப் பிடி போடவும் மறவாதீர்கள்; மறந்தால் புதியதும் வெடிக்கும்.

புதிய உறுப்புக் கிடையாதவிடத்துப் பற்றவைப்பதுண்டு. நிக்கல் கலந்த கம்பியால், முன்கூட்டிச் சூடாக்கி, மெல்ல ஆறவிட்டு அதனைச் செய்தல் வேண்டும். அனுபவமற்றவர் கையில் ஒட்டிய இடத்தின் அருகிலேயே மறுபடியும் வெடிக்கும்.

என் உறவினர் அவ்வோசையை இரண்டு மாதமாகக் கேட்டிருந்தாராம். "பழைய வண்டி, சத்தம் போடத்தானே செய்யும்" என்று இருந்துவிட்டார். நேயர்களே, வண்டி பழையதாயிருக்கலாம்; அதிலே பயணஞ் செய்யும் பிள்ளைகள் புதியவர்கள். நாளைக் காலை எஞ்சினைக் கிளப்பியதும், ஒரு நிமிடம் செவிசாய்த்துக் கேளுங்கள்.