நூறு நாள் கழித்து என்ன விலை?



கடலோர ஊரான உப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் தெரிவது வெயில். இந்த ஊர்ப் பிள்ளையாருக்கே வெயிலுகந்த விநாயகர் என்றுதான் பெயர். போன தடவை வெயிலுக்கு ஒதுங்கி ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் இறால் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு கேட்டார்: “சார், நீங்க ரேடியோவுல பொருளாதாரம் பேசுறவருதானே? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இப்ப குஞ்சு விடலாமா, பொறுக்கலாமா?”

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு நழுவிவிட்டேன். இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்குக் காலம் கடந்து சொல்லும் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கேட்டதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வனாமி இறால் குஞ்சைக் குளத்தில் விட்டால் அறுவடைக்கு நூறு முதல் நூற்றிருபது நாள் ஆகும். கிலோவுக்கு முப்பது நிற்கிறதா, அறுபது நிற்கிறதா என்ற கவுண்ட் கணக்கில்தான் விலை. ஆகவே இன்றைய விலை அவருக்கு உதவாது. நூறு நாள் கழித்து, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், முன்பின் தெரியாத ஒரு குடும்பம் இறால் வாங்குமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். பன்னாட்டு நிறுவனங்கள் ஒரு புதிய நாட்டில் கால் வைக்குமுன் லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கும் சந்தைக் கணிப்பும் இதே கேள்விக்கான பதில்தான். இவர் அதை ஒரு டீக்குக் கேட்டார்.

இந்தக் கணிப்பு எப்படிப் பொய்க்கும் என்பதற்கு 2025ஐ விட நல்ல பாடம் கிடைக்காது. ஏப்ரல் 2ஆம் தேதி அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 26 சதவீத வரி என்று அறிவித்தது. ஒரு வாரத்தில், 9ஆம் தேதி, அதைத் தொண்ணூறு நாள் தள்ளிவைத்துப் பத்து சதவீதம் மட்டும் போட்டது. தொண்ணூறு நாள்! கிட்டத்தட்ட ஒரு இறால் பயிரின் ஆயுள். “அப்பாடா” என்று அந்த வாரம் குஞ்சு விட்டவருக்கு அறுவடை ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ வரும். ஆகஸ்ட் 7இல் வரி 25 சதவீதம் ஆனது. ஆகஸ்ட் 27இல் 50. இறாலுக்கு ஏற்கெனவே இருந்த பொருள்குவிப்புத் தடுப்பு வரியையும் மானிய ஈட்டு வரியையும் சேர்த்தால் 58 சதவீதத்தைத் தொட்டது. பிறகும் பேச்சுவார்த்தைகளும் மாற்றங்களும் நடந்தன.

இதில் எனக்குச் சுவையாகப் பட்டது நடுவில் இருந்த மாதங்கள். வரி ஏறுமுன் சரக்கை அனுப்பிவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள். ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் அந்த மாதங்கள் கொழுத்துத் தெரிந்தன. தாளை மட்டும் பார்த்தவருக்கு “ஆகா, அமெரிக்காவில் தேவை கூடுகிறது” என்றுதான் தோன்றியிருக்கும். உண்மையில் அது பயந்தவர்கள் அவசரமாக மூட்டை கட்டிய கணக்கு.

இன்னொரு எண்ணைப் பார்ப்போம். 2024–25 நிதியாண்டில் இந்தியாவிலிருந்து போன கடல் உணவு சுமார் 17 லட்சம் டன். மதிப்பு 62,408 கோடி ரூபாய். எடையைப் பார்த்தால் சீனாதான் முதலிடம்: 3,96,424 டன். அமெரிக்கா வாங்கியது 3,46,868 டன். காசைப் பார்த்தால் தலைகீழ். அமெரிக்கா கொடுத்தது ஏறத்தாழ 271 கோடி டாலர், சீனா கொடுத்தது 128 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள். அமெரிக்காவிடம் கிலோவுக்கு 7 டாலர் 80 சென்ட். சீனாவிடம் 3 டாலர் 20 சென்ட். காரணம் எளிது. அமெரிக்காவுக்கு உரித்துச் சுத்தம் செய்த இறால் போகிறது. சீனாவுக்குத் தலையோடு இறாலும், வாளை மாதிரி மலிவான மீனும் கலந்து போகிறது. “அமெரிக்கா வேண்டாம், சீனாவுக்கு விற்போம்” என்று மேடையில் சொல்வது சுலபம். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த வகுத்தல் கணக்கு ஞாபகம் வரும்.

சீனா என்று ஒற்றைச் சொல்லில் சொல்கிறோமே, அதுவும் சரியில்லை. சென்னையில் விற்பது பாட்னாவில் விற்குமா? அதுபோலத்தான் தெற்கே குவாங்டாங் வேறு, வடக்கே லியாவோனிங் வேறு. அப்படியானால் மாகாணவாரிப் புள்ளிவிவரத்தைப் பார்க்க வேண்டும். அங்கேதான் வேடிக்கை. பல ஆண்டுகள் சீன மாகாணங்கள் தனித்தனியே அறிவித்த உற்பத்தி மதிப்பைக் கூட்டினால், முழு நாட்டின் மதிப்பைவிட அதிகமாக வந்தது! பதவி உயர்வு வளர்ச்சி விகிதத்தைப் பார்த்துத்தான் கிடைக்கும் என்றால், அதிகாரி கையில் எண் தானாக வளரும். 2011 முதல் 2014 வரை வருவாய்க் கணக்கில் பொய் எழுதப்பட்டதாக லியாவோனிங் ஆளுநரே 2017இல் ஒப்புக்கொண்டார்.

அதே மாகாணத்தில் அதற்குப் பத்தாண்டுக்கு முன்பு கட்சிச் செயலாளராக இருந்தவர் லி கெச்சியாங், பிற்பாடு சீனப் பிரதமரானவர். 2007இல் அமெரிக்கத் தூதரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உற்பத்திப் புள்ளிவிவரம் மனிதர்கள் ஆக்கியது என்றும், தான் மூன்றை மட்டும் பார்ப்பதாகவும் சொன்னார்: மின் நுகர்வு, ரயிலில் ஏறும் சரக்கு, வங்கி கொடுக்கும் கடன். தூதரக ரகசியக் குறிப்புகளை விக்கிலீக்ஸ் வெளியிட்டபோது உலகத்துக்கு இது தெரிந்தது.

உப்பூர்ப் பண்ணைக்காரருக்கு இந்த உத்தி புதிதில்லை. பக்கத்துப் பண்ணையில் எத்தனை குளம் ஓடுகிறது என்று அவர் வாய்விட்டுக் கேட்பதில்லை. ராத்திரி குளத்துக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் சத்தம் எத்தனை கேட்கிறது என்று பார்ப்பார். ஹேச்சரியில் குஞ்சுக்கு வரிசை நிற்கிறதா என்று விசாரிப்பார். வரிசை நின்றால் நூறு நாள் கழித்து எல்லார் இறாலும் ஒன்றாகக் கரையேறி விலை சரியும்.

மின் நுகர்வு என்று சொன்னேனே, அதைக் கேட்டதும் இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று ஞாபகம் வரும். 1,600 மெகாவாட் அனல் மின்நிலையம் உப்பூரில் வருவதாக இருந்தது. 2021இல் பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. திட்டம் போட்டவர்களின் தேவைக் கணிப்பில் மெகாவாட் இருந்தது. பக்கத்து மோர்ப்பண்ணை மீனவர்களின் எதிர்ப்பு அந்தக் கணக்கில் இல்லை.

சீன எண்கள் அப்படி. அமெரிக்காவில் எண்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஏற்பாடு உண்டு. அந்நாட்டு மத்திய வங்கி நாட்டைப் பன்னிரண்டு வட்டாரமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆண்டுக்கு எட்டு முறை ‘பீஜ் புக்’ என்று ஓர் அறிக்கை வரும். அட்டையின் மணல் நிறத்தால் வந்த பெயர். ஒவ்வொரு வட்டாரத்திலும் கடைக்காரர், ஹோட்டல்காரர், லாரிக்காரர் ஆகியோரைக் கேட்டு, வியாபாரம் எப்படி இருக்கிறது என்று வாக்கியமாகவே எழுதியிருப்பார்கள். எண் கொஞ்சம்தான். சொல்லப்போனால் டீக்கடைப் பேச்சுக்கு அரசு முத்திரை. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். ஹோட்டலில் கூட்டம் குறைகிறது என்று அதில் ஒரு வரி வந்தால், இங்கே கவுண்டுக்கு விலை குறைய எத்தனை நாள் ஆகும் என்பதை நம் ஊர் ஏற்றுமதியாளர்கள் கவனித்துக் குறித்து வைக்கலாம். கல்லூரிப் பிள்ளைகள் யாராவது தமிழில் சுருக்கித் தந்தால் புண்ணியமாகப் போகும்.

ஆனால் எந்த அறிக்கையும் சொல்லாத அடி ஒன்று உண்டு. அது சட்டத்திலிருந்து வரும் அடி. இந்தக் கரையின் கடல் அட்டை காய்ந்து கருவாடாகிச் சீனச் சாப்பாட்டு மேசைக்குப் போனது ஒரு காலம். 2001இல் நம் அரசே அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்தது. அதோடு சரி. வலையில் ஆமை தப்பிக்கும் கருவி இல்லை என்று 2019 முதல் இந்தியாவில் கடலில் பிடிக்கும் இறாலை அமெரிக்கா எடுப்பதில்லை. பண்ணை இறாலுக்கு அந்தத் தடை இல்லை. தொண்டியில் படகில் வரும் இறாலும் உப்பூர்க் குளத்து இறாலும் பார்வைக்கு ஒரே குடும்பம். சந்தைக்கு இரண்டும் வேறு வேறு.

சரி, குஞ்சு விடலாமா? இவ்வளவு பேசியும் பதில் சொல்லாவிட்டால் அவர் அடுத்த தடவை டீ வாங்கித் தர மாட்டார். எனக்குத் தெரிந்து பொய்க்காத கணிப்பு ஒன்றுதான். அது நிலாவைப் பார்த்துச் சொல்வது. சீனப் புத்தாண்டு 2025இல் ஜனவரி 29. 2026இல் பிப்ரவரி 17. பத்தொன்பது நாள் வித்தியாசம், பல்லாண்டுக்கு முன்பே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். பிப்ரவரி நடுவில் வரும் விருந்துக்கு இறால் சேர வேண்டுமென்றால் பதப்படுத்த, கப்பலேற்ற, இறக்க என்று ஒரு மாதத்துக்கு மேல் கழியுங்கள். அறுவடை டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதலிலோ முடிய வேண்டும். அதிலிருந்து நூற்றுப் பத்து நாள் பின்னே போனால் செப்டம்பர். குஞ்சு அப்போது குளத்தில் இறங்க வேண்டும். இறங்கி ஒரு மாதத்தில் வாடை தொடங்கிவிடும். மழைத் தண்ணீர் விழுந்து குளத்தில் உப்பு இறங்கும், ராத்திரியில் கரண்டு போகும், ஏரேட்டர் நிற்கும்.

அப்போது ஓட்டும் ஜெனரேட்டருக்கு டீசல் செலவு எவ்வளவு என்பதை அவர்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.