குழாய்க்காரர் கண்ணில் கோபன்ஹேகன்

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனுக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் போதும், கடற்கன்னி சிலையைப் பார்த்தீர்களா என்று கேட்டுவிடுகிறார்கள். பார்த்தேன். அதை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். 1913-இல் வைத்த வெண்கலச் சிலை. உயரம் ஒன்றேகால் மீட்டர். கரையோரப் பாறைமேல் யாரிடமோ கோபித்துக்கொண்டு வந்தவள்போல உட்கார்ந்திருக்கிறாள். 1964-இல் யாரோ அவள் தலையை அறுத்து எடுத்துப் போய்விட, புதுத் தலை வார்த்துப் பொருத்தினார்கள். சுற்றிலும் செல்பேசியை நீட்டிக்கொண்டு பெருங்கூட்டம். என் பார்வை என்னவோ துறைமுகத்தின் எதிர்க்கரைக்குத்தான் போயிற்று. நாட்டின் மிகப் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

தொழில் புத்தி என்று நீங்கள் சிரிக்கலாம். சென்னையில் குடிநீர்க் குழாய்களில் கசிவைக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. அது தொடர்பான பயிற்சி ஒன்றுக்காகத்தான் ஜூன் மாதத்தில் அங்கே அனுப்பினார்கள். பகலெல்லாம் மண்ணுக்கு அடியில் இருப்பதைப் பற்றிய பாடம். நாலு மணிக்கு அலுவலகம் காலியாகிவிடும். அதற்குப் பிறகு ஊர் சுற்றல். ஜூனில் அங்கே பொழுது சாய இரவு பத்து மணி ஆகிறது. ஆகவே, ஒரு வேலை நாளுக்குப் பின்னால் இன்னொரு முழு நாள் இலவசமாகக் கிடைத்த மாதிரி.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விடுதி அறையில் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஏதோ குறைந்தது. யோசித்துப் பார்த்தால், குளோரின் வாடை இல்லை! நகரத்தைச் சுற்றியுள்ள கிணறுகளிலிருந்து நிலத்தடி நீரை எடுக்கிறார்கள். காற்றோடு கலக்க விடுகிறார்கள், மணல் வழியாக வடிக்கிறார்கள், வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவ்வளவுதான். பூமிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை என்பதால் நீர் கொஞ்சம் கடினம். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. அந்த ஊர்க்காரர்கள் அலுத்துக்கொள்வது அதைப் பற்றி மட்டும்தான்.

மருந்து போடாத தண்ணீரை ஒரு தலைநகரத்துக்கே எப்படித் துணிந்து கொடுக்கிறார்கள்? விடை குழாயில் இருக்கிறது. குழாய்க்குள் இருபத்து நாலு மணி நேரமும் அழுத்தம் நிற்கிறது. ஓட்டை விழுந்தால் நீர் வெளியே பீய்ச்சும், வெளி அழுக்கு உள்ளே வராது. நாம் காலையில் இரண்டு மணி நேரம் விட்டு வால்வை மூடினால், அழுத்தம் இறங்கியதும் அதே ஓட்டை வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இறங்கும். குளோரினை அள்ளிப் போட வேண்டியிருப்பது பெரும்பாலும் அந்த பயத்தினால்தான். டென்மார்க்கில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு குடிநீர் நிறுவனம் அனுப்பிய நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போனால், போனதற்கு வரி கட்ட வேண்டும். கசிவு அங்கே நிதித்துறையின் விவகாரமும்கூட. அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டபோது எனக்கு வந்த பொறாமை, அங்கே எந்த அரண்மனையைப் பார்த்தும் வரவில்லை.

தெருவுக்கு அடியில் இன்னொரு குழாயும் ஓடுகிறது. வெந்நீர்க் குழாய். குப்பை எரிக்கும் ஆலைகளிலும் மின் நிலையங்களிலும் மிஞ்சும் சூட்டை நீரில் ஏற்றி, நகரத்தின் கிட்டத்தட்ட எல்லாக் கட்டடங்களுக்கும் அனுப்பிக் குளிர்காலத்தைத் தாண்டுகிறார்கள். ஆலை என்றதும் ஊருக்கு வெளியே புகை மண்டிய இடம் ஒன்றை நினைத்துக்கொள்ளாதீர்கள். அமாகர் தீவில் உள்ள ஆலையின் கூரையே ஒரு சரிவு. அதில் பச்சை நிறச் செயற்கைப் புல்விரிப்பு போட்டு, சறுக்கி விளையாட விட்டிருக்கிறார்கள். கீழே ஊர்க்குப்பை எரிகிறது, மேலே பிள்ளைகள் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

சரி, மிதிவண்டிக்கு வருவோம். அதைச் சொல்லாமல் கோபன்ஹேகனைப் பற்றிப் பேசி முடிக்க, என்னைப் பேச அழைத்த வானொலிக்காரர்கள் விட மாட்டார்கள். லூயிஸ் அரசி பெயரில் ஏரிகளுக்கு நடுவே ஒரு பாலம் இருக்கிறது. நாளொன்றுக்கு 40,000-க்கும் மேற்பட்ட மிதிவண்டிகள் அதைக் கடக்கின்றன. காலை எட்டு மணிக்கு அதன் ஓரத்தில் நின்றேன். கோட்டு போட்ட கனவான், குதிகால் உயர்ந்த செருப்பு அணிந்த பெண், முன்பக்கப் பெட்டியில் இரண்டு குழந்தைகளையும் ஒரு நாயையும் உட்கார்த்தி மிதிக்கும் தகப்பன். பேச்சுச் சத்தம்கூட இல்லை. சங்கிலி ஓடும் சத்தமும் மணிச் சத்தமும்தான். நிற்கப் போகிறவர் கையைத் தூக்கிக் காட்டுகிறார், திரும்பப் போகிறவர் அந்தப் பக்கம் கையை நீட்டுகிறார். பாலத்தைத் தாண்டி நோரெப்ரோ சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்துக்கொண்டே போனால், அடுத்தடுத்த சிக்னல் எல்லாம் பச்சையாகவே கிடைக்கும்படி அமைத்திருக்கிறார்கள். காருக்கு அல்ல, மிதிவண்டிக்கு. பனி கொட்டும் நாளில் முதலில் சுத்தமாவதும் மிதிவண்டிப் பாதைதான்.

ஓர் எச்சரிக்கை. அந்தப் பாதையில் மறந்தும் நடந்துவிடாதீர்கள். அத்தனை சாந்தமான மக்கள் அந்த ஓர் இடத்தில் மட்டும் பொறுமையை இழக்கிறார்கள்.

இதெல்லாம் அவர்கள் ரத்தத்தில் ஊறியது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். இல்லவே இல்லை. 1960-களில் அங்கேயும் கார் பெருகி, மிதிவண்டி ஒழிந்துகொண்டிருந்தது. நகரின் நடுவே ஸ்ட்ரோயெட் என்ற கடைவீதியில் 1962-இல் வண்டிகளை நிறுத்தி, நடப்பவர்களுக்கு மட்டும் என்று அறிவித்தபோது, கடைக்காரர்கள் பிழைப்புப் போயிற்று என்று கூச்சல் போட்டார்கள். வெயில் ஊரான இத்தாலியில் வேண்டுமானால் ஜனங்கள் தெருவில் உலாவுவார்கள், இங்கே யார் உலாவுவார்கள் என்றும் பேச்சு எழுந்ததாம். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை. ஊர் எவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று அப்போது கேட்டுப் பார்த்தார்கள். பிறகு மிதிவண்டிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போய், தனிப்பாதை கேட்டு வாங்கினார்கள். நான் ஐம்பதைக் கடந்தவன். அந்த ஊரில் எனக்குப் பிடித்தவற்றில் பாதிக்கு மேல் என்னைவிட வயதில் இளையவை.

துறைமுக நீரும் அப்படித்தான். நகரத்தின் நடுவே, அலுவலகக் கட்டடங்களுக்கு எதிரே, இஸ்லான்ஸ் பிரிகே என்ற கரையில் மரத்தளம் மிதக்கவிட்டு நீச்சல்குளம் கட்டியிருக்கிறார்கள். குளத்துக்குள் இருப்பது துறைமுகத் தண்ணீரேதான். வேலை முடிந்து வருகிறவர்கள் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குதிக்கிறார்கள். இந்த ஏற்பாடு 2002-இல்தான் வந்தது. அதற்கு முன்பு மழை பெய்தால் பாதாளச் சாக்கடை நிரம்பி நேரே துறைமுகத்தில் கொட்டும். குளித்தவன் மருத்துவமனைக்குப் போவான். சாக்கடை நீரை மழை ஓயும்வரை தேக்கி வைக்க நிலத்தடித் தொட்டிகள் கட்டினார்கள், கொட்டும் வாய்களை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். இன்றும் பெருமழையில் சாக்கடை வழிவதுண்டு. அன்று குளிக்கக் கூடாது என்று உடனே அறிவித்துவிடுகிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. குதிக்கச் சொல்லி என்னையும் இழுத்தார்கள். ஜூன் மாதத் தண்ணீராம், வெதுவெதுப்பாம்! முழங்கால் அளவோடு நிறுத்திக்கொண்டேன்.

என்னை அதிகம் உட்காரவைத்த இடம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் பெரிதாக இருக்காது. எங்ஹாவே பூங்கா. இதன் கதை 2011 ஜூலை 2-ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை மாலையில் தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்தில் நம் வானிலை அறிக்கைக் கணக்கில் 15 சென்டிமீட்டர் மழை. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பார்த்த நமக்கு இது என்ன பெரிய மழை என்று தோன்றும். ஆனால் இரண்டே மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். தெருக்கள் ஆறாகின, நிலவறைகள் நிரம்பின, சேதம் பல நூறு கோடி குரோனர். மறு ஆண்டே நகராட்சி ஒரு திட்டம் போட்டது. பூமிக்கு அடியில் இன்னும் பெரிய குழாய்களை மட்டும் நம்பிப் பயனில்லை, மழைநீரைத் தரைமேலேயே நிறுத்த இடம் கொடுப்போம் என்று.

அப்படி இடம் கொடுத்த பூங்காக்களில் ஒன்று இது. 1920-களின் பழைய பூங்கா. 2019-இல் புதுப்பித்தார்கள். பார்த்தால் ரோஜாத் தோட்டம், குழந்தைகள் ஓடியாடும் இடம், பள்ளத்தில் ஒரு விளையாட்டுத் திடல். சுற்றிலும் உட்கார வாகான தாழ்ந்த சுவர். ஜோடிகள் ஐஸ்கிரீம் தின்கிறார்கள். ஆனால் அந்தச் சுவர் ஒரு கரை. சிறுமழை பெய்தால் நிலத்தடித் தொட்டி வாங்கிக்கொள்ளும். பெருமழை என்றால் முதலில் திடல் நிரம்பும். பேய்மழை என்றால் வாசல்களைத் தடுப்பு அடைத்துக்கொள்ள, பூங்கா முழுவதுமே ஏரியாகிவிடும். கொள்ளளவு 22,600 கன மீட்டர். நம் 9,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் ஏறக்குறைய 2,500 நடை. இரண்டரை ஆயிரம் லாரித் தண்ணீருக்கு நடுவே ஒரு பாட்டி புறாவுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

பழைய கட்டடங்களையும் பார்க்காமல் இல்லை. நான்காம் கிறிஸ்தியான் என்ற அரசர் கட்டிய வட்டக் கோபுரம் 1642-இல் முடிந்தது. உச்சிக்கு அருகே உள்ள சில படிகளைத் தவிர, உள்ளே படிக்கட்டே கிடையாது. சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதைதான். உச்சியில் விண்மீன் பார்க்கும் கூடம். அதே அரசர் எழுப்பிய பழைய பங்குச் சந்தைக் கட்டடம் 2024 ஏப்ரல் 16 அன்று தீப்பிடித்தது. நான்கு டிராகன்களின் வால்கள் பின்னிக்கொண்டு மேலே போகும் அதன் கூம்பு எரிந்து தெருவில் விழுந்ததைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தெருவில் போனவர்களும் உள்ளே புகுந்து ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்களாம். நான் போனபோது சீரமைப்புப் பணி நடந்துகொண்டிருந்தது. வேலிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். நம்மோடும் அந்த அரசருக்குக் கணக்கு உண்டு. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் டேனியர்கள் கோட்டை கட்டியது இவர் ஆட்சியில்தான். நாயக்கர் பொற்றகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். என்னோடு வேலை பார்த்த டேனியர்களில் பலருக்கு அந்த ஊர்ப் பெயர் பழக்கமே இல்லை. வருத்தப்படவில்லை. சென்னையிலிருந்து போன எனக்கும் மிதிவண்டி ஊர்வலங்களைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுத்ததில்லையே.

விலைவாசி? அதைக் கேட்காதீர்கள். காப்பி விலையை ரூபாயில் மாற்றிப் பார்ப்பதை விட்டால்தான் காப்பி இறங்கும். அலுவலகத்தில் பதினொன்றரைக்கே மதியச் சாப்பாடு. கறுத்த ரை ரொட்டியின் மேல் உருளைக்கிழங்கோ ஊறவைத்த மீனோ அடுக்கி, கத்தியாலும் முள்கரண்டியாலும் வெட்டிச் சாப்பிடுகிறார்கள். உருளைக்கிழங்கு எனக்குக் கைகொடுத்தது. தலைமைப் பொறியாளரை ஆளாளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும் கடைசிவரை ‘சார்’ போகவில்லை. அவரும் விட்டுவிட்டார்.

அந்த சார் ஓய்வு பெறப்போகும் வயதுக்காரர். வாழ்நாள் முழுவதும் கசிவோடு மல்லுக்கட்டியவர். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், உங்கள் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். சொன்னேன். ஏரிகள், 235 கிலோமீட்டர் தள்ளி வீராணம், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள். வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-லேயே சட்டம் போட்டோம் என்றதும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். நாங்கள் வெள்ளம் வந்த பிறகுதான் யோசித்தோம் என்றார். உற்சாகத்தில் நான் 2019 கோடையையும் சொல்லிவிட்டேன். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது டேங்கர் பெட்டிகள், பெட்டிக்கு 50,000 லிட்டர், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்.

மேசையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள். ரயிலிலா என்று ஒருவர் கேட்டார். பரிதாபப்படுவார்களோ என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. சார் மட்டும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் காகிதத் துடைப்பானில் ஐம்பதை ஐம்பதாயிரத்தால் பெருக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

“ஏற்றிய கணக்கும் இறக்கிய கணக்கும் உங்களிடம் இருக்கிறதா? வழியில் எத்தனை சதவீதம் கசிந்தது?”