நிழலும் தந்து மின்சாரமும் தரும் கண்ணாடி



நம் தோட்டத்துச் செம்பனையின் ஓலை என்ன வேலை செய்கிறது என்று கேட்டால், "மரத்துக்கு உணவு தயாரிக்கிறது" என்று பள்ளிப் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். வெயிலை வாங்கி உணவாக்குவது ஓலையின் ஒரு வேலை. அதே வேளையில் அது தரையில் நிழலையும் விரிக்கிறது. மரங்கள் வளர்ந்து ஓலைகள் ஒன்றோடொன்று கூடிவிட்டால், அடியில் புல்பூண்டுகூட அதிகம் தலைகாட்டுவதில்லை. ஓலை ஒன்று, பயன் இரண்டு. இதே இரண்டு பயனையும் கண்ணாடியிலிருந்து பெற முடியும் என்று இக்காலக் கட்டடக் கலைஞர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சூரியக் கண்ணாடியைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

கோலாலம்பூர் போன்ற பட்டணங்களுக்குப் போகும்போது, அடிமுதல் முடிவரை கண்ணாடியால் மூடிய அலுவலகக் கட்டடங்களைப் பார்க்கிறோம். பார்வைக்கு அவை அழகுதான். ஆனால், கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும்போது வெப்பத்தையும் சேர்த்தே விடுகிறது. உள்ளே புகுந்த வெப்பத்தை வெளியே தள்ளக் குளிர்சாதனம் நாள் முழுவதும் ஓட வேண்டும். நம் நாட்டு அலுவலகங்களில் செலவாகும் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி குளிர்சாதனத்துக்கே போய்விடுகிறது. கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திருடனைத் துரத்துவது போன்ற காரியம் இது!

சரி, சூரியக் கண்ணாடி என்பது என்ன? வெளிச்சம் பட்டால் சில பொருள்களில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பெக்கரல் என்னும் விஞ்ஞானி கண்டறிந்தார். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சிலிக்கன் என்னும் பொருளைக் கொண்டு பயன்தரத்தக்க சூரியவில்லைகளைச் செய்தார்கள். சிலிக்கன் மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. இந்த வில்லைகளை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, ரொட்டித் துண்டுகளுக்கு இடையே காயா தடவுவதுபோல், வைத்து ஒட்டிவிட்டால் அதுவே சூரியக் கண்ணாடி. அதைக் கூரையாகவோ சுவராகவோ சன்னலுக்கு மேல் தாழ்வாரமாகவோ பொருத்தலாம்.

இதில் ஒரு கணக்கு உண்டு. வில்லைகளுக்கு நடுவே இடைவெளி விட்டால்தான் உள்ளே வெளிச்சம் வரும். இடைவெளி கூடினால் வெளிச்சம் கூடும்; மின்சாரம் குறையும். கண்ணாடியின் பாதிப் பரப்பில் மட்டும் வில்லைகள் இருந்தால், முழுப் பரப்பிலும் இருப்பதில் பாதி மின்சாரமே கிடைக்கும். இரண்டையும் முழுதாகப் பெற முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்கிறோம். நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு மேலே நிற்கிறான். ஆகவே நம் நாட்டில் வெயிலை நிரம்பப் பெறுவது கூரைதான். செங்குத்தான சுவர் அவ்வளவு பெறுவதில்லை. குளிர்நாடுகளில் சூரியன் தாழ்ந்து நிற்பதால் அங்கே சுவர்க் கண்ணாடி நல்ல பலன் தரலாம். அதைப் பார்த்து அப்படியே இங்கே கட்டினால் பணம்தான் வீண். மேலும், இன்று பரவலாக உள்ள வில்லைகள் தம்மேல் படும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகின்றன. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. எனவே காற்றோட்டம் உள்ள இடத்தில் பொருத்துவதே நல்லது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்துக் கட்டிய கட்டடம் ஒன்று சிலாங்கூரில் இருக்கிறது. பண்டார் பாரு பாங்கியில் 2007இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அலுவலகம், அப்போது புசாட் தெனாகா மலேசியா என்னும் எரிசக்தி மையத்துக்கு உரியதாக இருந்தது. அதன் நடுக்கூடத்துக்கு மேலே சூரியக் கண்ணாடிக் கூரை போட்டார்கள். வில்லைகளின் இடைவெளி வழியே வெளிச்சம் இறங்குகிறது. வில்லைகள் நிழல் தருகின்றன. அந்தக் கண்ணாடிக் கூரையின் திறன் ஏறக்குறைய 12 கிலோவாட். மற்றக் கூரைகளையும் வண்டி நிறுத்துமிடத்தின் கூரையையும் சேர்த்து மொத்தம் 92 கிலோவாட். நம் நாட்டு வெயிலில் வானத்தைப் பார்த்து வைத்த ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் மூன்று யூனிட் மின்சாரம் தரும்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. வழக்கமான அலுவலகம் ஒன்று, தரைப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஆண்டுக்கு 200 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும். பாங்கிக் கட்டடத்தின் திட்டப்படி அந்தச் செலவு 65 யூனிட். சூரிய மின்சாரத்தைக் கழித்தால் 35 யூனிட். கணக்குப் போட்டுப் பாருங்கள். சூரியத் தகடுகளால் குறைந்தது 30 யூனிட். அதற்கு முன்பே, நிழலாலும், பகல் வெளிச்சத்தை அறைக்குள் கொண்டுவரும் அமைப்பாலும், சிக்கனமான சாதனங்களாலும் குறைந்தது 135 யூனிட்டுக்கு மேல்! ஓட்டைப் பானையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினால் என்ன? முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். பிறகுதான் நிரப்ப வேண்டும்.

புத்ராஜெயாவில் 2010இல் எழுந்த எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடமும் இதையே சொல்கிறது. அதன் சுவர்கள் 25 பாகை சாய்ந்து, மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்கின்றன. மேல் மாடி கீழ் மாடிக்குக் குடை பிடிக்கிறது. சூரியத் தகடுகளோ கூரையில் இருக்கின்றன. நிழலுக்குச் சுவர், மின்சாரத்துக்குக் கூரை என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

"இதெல்லாம் பட்டணத்துக் கட்டடம், தோட்டத்தில் இருக்கும் நமக்கு என்ன?" என்று சிலர் நினைக்கலாம். அந்தக் கட்டடங்களில் துப்புரவு செய்வோரும், காவல் காப்போரும், கம்பி இழுப்போரும் நம் பிள்ளைகளாக இருக்கக்கூடும். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சாதாரண விளக்கை விசையைத் தட்டி அணைத்துவிடலாம். சூரியக் கண்ணாடியை அப்படி அணைக்க முடியாது. வெயில் படும்வரை அதில் மின்சாரம் பிறந்துகொண்டே இருக்கும். பல கண்ணாடிகளை வரிசையாக இணைத்திருந்தால் பல நூறு வோல்ட் வரை இருக்கும். கண்ணாடி உடைந்து கிடந்தாலும் அதில் உயிர் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். வெறுங்கையால் தொடக்கூடாது, ஈரத்துணியால் துடைக்கக்கூடாது. மற்றவர்களை விலக்கி நிறுத்திவிட்டு, பயிற்சி பெற்றவருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். "கண்ணாடிதானே, கூட்டி அள்ளு" என்று யார் சொன்னாலும், "இது மின்சாரக் கண்ணாடி, ஐயா" என்று எடுத்துச் சொல்லத் தயங்கக் கூடாது. வேலையைவிட உயிர் பெரிது.

அதே கண்ணாடியில் ஓர் இலை விழுந்து கிடந்தாலும், பறவை எச்சமிட்டாலும், அந்த ஒரு வில்லை மட்டுமல்லாமல் அதனோடு கோக்கப்பட்ட வரிசையே பலன் குன்றிவிடும். நீர்க்குழாயை ஓரிடத்தில் நசுக்கினால் முழுக் குழாயிலும் ஓட்டம் குறைவதைப் போன்றது அது. ஆகையால் முறையறிந்து சுத்தம் செய்பவரின் உழைப்பும் அந்த மின்சாரத்தில் கலந்திருக்கிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்குக் கைத்தொழிலில் நாட்டம் இருந்தால், வயர்மேன் பயிற்சியோடு நின்றுவிட வேண்டாம். 2011இல் அமைக்கப்பட்ட செடா என்னும் அரசாங்க ஆணையம், சூரிய மின் அமைப்புகளுக்கான பயிற்சியையும் சான்றிதழையும் வழங்கி வருகிறது. கணக்கிலும் அறிவியலிலும் ஆர்வமுள்ள பிள்ளையாக இருந்தால், கட்டடத்தின் படத்தையே வரையும் நிலைக்கு உயரட்டும். கட்டடம் எழுந்த பிறகு அதன் திசையை யாராலும் திருப்ப முடியாது. எங்கே நிழல், எங்கே வெளிச்சம், எங்கே சூரியக் கண்ணாடி என்பதெல்லாம் காகிதத்தில் கோடு போடும்போதே முடிவாகிவிடுகிறது. வெயிலின் கொடுமையையும் நிழலின் அருமையையும் உடம்பால் அறிந்த குடும்பத்துப் பிள்ளை அந்தக் கோட்டைப் போட்டால், அது நல்ல கோடாக அமையும் என்பது எங்கள் நம்பிக்கை.