வீதியும் முகமும்: ஆவணப்படத்தில் உரிமையும் இசைவும்



வீதி எல்லார்க்கும் பொது. ஆகவே வீதியில் தென்படுவன யாவும் படம் எடுப்பவருக்கு உரியன என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அனுமதித் தாள் ஒன்று கைக்கு வந்துவிட்டால் கடமை முடிந்தது எனக் கருதுவோரும் உளர். ஆனால் இடத்துக்குரிய அனுமதி வேறு. படைப்புக்குரிய உரிமை வேறு. மனிதரின் இசைவு வேறு. இம்மூன்றும் ஒன்றாகக் குழம்பும்போது முதலில் இழப்பவர் எளியோரே.

முதலாவது, இடம். பொதுவீதியில் படம் எடுப்பதை முற்றாகத் தடுக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. எனினும் தொடர்வண்டி நிலையத்தில் படம் எடுக்க இரயில்வே துறையின் அனுமதி தேவை. தொல்லியல் துறை காக்கும் நினைவுச் சின்னங்களில் படம் எடுக்க 1959ஆம் ஆண்டின் விதிகள் உரிமம் கோருகின்றன. நாட்டின் பாதுகாப்பைச் சார்ந்த தடைசெய்யப்பட்ட இடங்களை 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் காக்கின்றது. இவை யாவும் இடத்தைப் பற்றிய அனுமதிகள். அங்கு நிற்கும் மனிதரைப் பற்றி அத்தாள்கள் எதுவும் சொல்வதில்லை.

இரண்டாவது, படைப்பு. சென்னைக் கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை ஆவணப்படத்தில் இடம்பெறலாம். பொது இடத்தில் நிலையாக அமைந்த கலைப்படைப்பைப் படத்தில் சேர்ப்பது உரிமை மீறல் ஆகாது என 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் விலக்களிக்கின்றது. ஆனால் அவ்விலக்கு ஓவியம், சிற்பம் போன்றவற்றுக்கே உரியது. தேநீர்க் கடையில் ஒலிக்கும் திரைப்பாடல் அதனுள் அடங்காது.

இச்சட்டத்தில் வியப்பூட்டும் இடம் ஒன்று உண்டு. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 'நிகழ்த்துநர்' என்னும் சொல்லை விளக்கும்போது நடிகரையும் பாடகரையும் மட்டும் கூறி நிறுத்தவில்லை. கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும் அவர்களோடு ஒரே வரிசையில் வைத்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், திரைப்படத்தில் தற்செயலாகத் தோன்றிப் பெயர்ப் பட்டியலில் இடம்பெறாதவரை அவ்வரிசையிலிருந்து நீக்கியது. ஆயினும், தம் நற்பெயர் கெடும் வகையில் நிகழ்ச்சி திரிக்கப்பட்டால் எதிர்க்கும் உரிமையை அவருக்கும் விட்டுவைத்தது. தெருமுனையில் கயிற்றின்மேல் நடப்பவருக்கு இவ்வுரிமை இருப்பதை அவரிடம் சொன்னவர் எத்தனை பேர்?

மூன்றாவது, மனிதர். க. அ. அப்பாஸ் கல்கத்தா, பம்பாய், சென்னை, தில்லி நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே காட்டும் குறும்படம் ஒன்றை எடுத்தார். பம்பாயின் விலைமகளிர் வாழும் பகுதியைக் காட்டும் காட்சிகளைத் தணிக்கையினர் நீக்கச் சொல்ல, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. திரைப்படத்துக்கு முன் தணிக்கை செல்லும் என 1970இல் தீர்ப்பு வந்தது. வழக்காடியவர் இயக்குநர்; மறுத்தவர் அரசு. அக்காட்சிகளில் தோன்றிய பெண்களோ வழக்கில் தரப்பினர் அல்லர்.

பின்னர் வந்த தீர்ப்புகள் அம்மனிதர் பக்கம் திரும்பின. நக்கீரன் இதழாசிரியர் தொடுத்த வழக்கில், 1994இல், தனித்து விடப்படும் உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பு, அலுவலர் தம் பதவிக் கடமையில் செய்பவற்றுக்கு அவ்வுரிமையைக் கேடயமாக்க இயலாது என்றும் வரையறுத்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ஒருவர் பொது இடத்தில் இருப்பதனாலேயே தம் அந்தரங்க உரிமையை இழப்பதில்லை எனத் தெளிவுறுத்தியது. வீதியில் வாழும் குழந்தையைப் பாதுகாப்புத் தேவைப்படுவோருள் சேர்க்கும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், அத்தகைய குழந்தை குறித்த விசாரணைச் செய்திகளில் அடையாளம் வெளிப்படுவதைத் தடுக்கின்றது.

இத்தீர்ப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் அறம் புலனாகின்றது. அதிகாரத்தில் இருப்பவரின் பொதுச் செயலைப் பதிவு செய்ய அவருடைய ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. எளியவரின் துயரைப் பதிவு செய்யுமுன் அவரைக் கேட்க வேண்டும். நடைமுறையிலோ இது தலைகீழாகின்றது. அமைச்சரின் நேர்காணலுக்குப் பன்முறை கடிதம் எழுதப்படுகின்றது. நடைபாதையில் உறங்குபவரின் முகம் கேளாமலேயே பதிவாகின்றது.

இசைவு பெறுவது பெரும்பாடன்று. படம் எதைப் பற்றியது, எங்கே காட்டப்படும் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுதல் வேண்டும். கையெழுத்திட அறியாதவர் கருவியின் முன்னே வாய்மொழியாக இசைவு தரலாம். 'வேண்டாம்' என்று அவர் சொன்னால் கருவியைத் தாழ்த்துதல் வேண்டும். அவ்வாறு தாழ்த்தப்படும் கருவியால் படம் ஒரு காட்சியை இழக்கக்கூடும். அம்மனிதர் தம் மதிப்பை இழக்கமாட்டார். ஆவணப்படம் எவருக்காகப் பேச முற்படுகின்றதோ, அவருடைய சொல்லை முதலில் கேட்பதே அதற்குத் தகுதி தரும்.