மலையிற் கற்றதும் மணலிற் காப்பதும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மணமாகி மூன்று மாதங்கூட நிறைவுறாத எங்களை மேடையேற்றி, "நீங்கள் போய்வந்த பிரயாணத்தைச் சொல்லுங்கள்" என்று பணித்துவிட்டீர்கள். நாங்கள் இருவரும் இன்னும் பல்கலைக்கழக மாணவர்கள். பேச்சிற் பிழையிருப்பின் பொறுத்தருள்க.

புறப்படுமுன் வீட்டில் ஒரு வழக்கிருந்தது. எங்களுக்குச் சீதனமாக வந்த காணியின் மணலை அள்ளிச் செல்ல ஒருவர் விலை பேசியிருந்தார். படிப்பு முடியும்வரை போதுமான தொகை. "மணல்தானே, போனாற் போகட்டும்" என்றோம் நாங்கள். மாமாவோ, "அவசரப்படாதேயுங்கோ பிள்ளையள், போட்டு வந்து முடிவு சொல்லுங்கோ" என்றார்.

மோட்டார் சைக்கிளில் மாம்புரியை விட்டுப் புறப்பட்டோம். பாலாவியிற் சீமெந்துத் தொழிற்சாலை கண்ணிற் பட்டது. அதற்கான சுண்ணக்கல் அறுவாக்காட்டில் வெட்டப்படுகிறது. நமது மாவட்டமும் தோண்டப்படும் மாவட்டமே என்பது அப்போதுதான் மனத்திற் பட்டது. புத்தளம், நிக்கவெரட்டிய, வாரியபொல கடந்து குருநாகலை அடைந்தோம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகர் அரசிருக்கையாயிற்று. வாவிக்கரையில் யானை படுத்தாற்போல் எத்தாகல மலை கிடக்கிறது. சுற்றிலும் ஆமை, ஆடு எனப் பெயர்பெற்ற குன்றுகள். முன்னொரு கடும் வரட்சியில் இவ்விலங்குகள் வாவி நீரையெல்லாம் குடித்துவிட வந்தன என்றும், ஊரைக் காக்க ஒரு மந்திரக்காரி அவற்றைக் கல்லாக்கினாள் என்றும் ஐதிகம். நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை.

அடுத்து ரிதிகமை. 'ரிதி' என்றால் வெள்ளி. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் துட்டகைமுனு மன்னன் அநுராதபுரத்தில் மகாதூபி எழுப்பிய காலத்தில் இங்கே வெள்ளி கண்டெடுக்கப்பட்டதாக மகாவம்சம் கூறும். மலைநாட்டுக்கு இஞ்சி வாங்கப் போன வணிகன் ஒருவன் பலாப்பழம் ஒன்றைக் கண்டான். துறவிகளுக்கு ஈந்து பின் தானும் உண்டான். அதன்பின்பே வெள்ளியைக் கண்டு அரசனுக்கு அறிவித்தான். அவ்விகாரையில் ஒல்லாந்தரின் நீல ஓடுகள் பதித்த பீடமொன்று உண்டு. ஓடுகளில் விவிலியக் காட்சிகள்! மிசன் பாடசாலையில் வேதபாடம் படித்த எங்களுக்குப் பழைய நண்பரைக் கண்டாற்போலிருந்தது.

தொடங்கஸ்லந்தைப் பக்கமுள்ள கஹட்டகஹ காரீயச் சுரங்கத்தை வெளியில் நின்றே பார்த்தோம். ஆயிரம் அடிக்கும் கீழே இறங்குவது அது. நமது பென்சிலில் உள்ள கரிதான் காரீயம். உலோகம் உருக்கும் மூசைகள் செய்ய அது வேண்டியிருந்ததால், முதலாம் உலகப் போரின்போது இலங்கைக் காரீயத்துக்கு என்றுமில்லாத கிராக்கி. அதனாற் செல்வரானவர் சிலர். 1971இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. எடுத்த காரீயம் கடல் கடந்தது. குழியும், அதில் ஓயாது ஊறும் நீரும் ஊருக்கு மிஞ்சின. அந்நீரை இறைத்துக்கொண்டே இருந்தாற்றான் வேலை நடக்கும்.

அங்கே நின்றபோது எங்கள் காணி நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நமக்கு ஆறு இல்லை. பெய்த மழையை மணல் வடித்து உள்ளே வாங்குகிறது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நிற்கும் என்பது விஞ்ஞானக் கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழிருந்து உவர் நாற்பது அடி ஏறிவரும். மணலை வாரினால் நீர் வெயிலுக்கு வெளிப்பட்டு வற்றும். மழையை வடிக்கும் படையும் போய்விடும். வாவியைக் குடிக்க வந்த யானை யாரென்று அப்போது எங்களுக்கு விளங்கிற்று. அது நாங்களே!

திரும்பி வந்ததும் விலை பேசியவரிடம் இல்லையென்றோம். அதனால் எங்களில் ஒருவர் ஓராண்டு படிப்பை நிறுத்திப் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக் கொடுக்கிறோம். வருத்தமில்லை என்று சொன்னாற் பொய்யாகும். ஆனால் கிணற்று நீர் இன்னும் இனிக்கிறது.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். மாதந்தோறும் ஒருநாள் வீட்டுக் கிணற்றுக்குள் கயிறு விட்டு, நீர்மட்டத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெரியோர்களே, அக்காலத்தில் நீர் எந்த முழத்தில் நின்றதென்று சொல்லி உதவுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அக்கொப்பியை இம்மேடையில் வாசிப்போம்.