செங்கல்லும் காலத்தின் அம்பும்



1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூர் தீக்கிரையாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளமும் பெருஞ்சேதம் விளைத்தது. மரச்சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுமாறு பிராங்க் சுவெட்டன்ஹம் பணித்தார். அதற்கெனக் கப்பித்தான் யாப் ஆ லோய் சூளைகள் அமைத்த பகுதியே இன்றைய பிரிக்பீல்ட்ஸ்.

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை ‘ஒழுங்கின்மை பெருகும்’ என்று நாம் மனனம் செய்கிறோம். அவ்வாறாயின், சாம்பலிலிருந்து ஒழுங்கான நகரம் எழுந்தது எங்ஙனம்? விதி பொய்த்ததா?

கணக்கிட்டுப் பார்ப்போம். சூளையின் வெப்பநிலை 1200 கெல்வின், வெளிக்காற்றின் வெப்பநிலை 300 கெல்வின் எனக் கொள்வோம். 1200 ஜூல் வெப்பம் வெளியேறும்போது சூளை இழக்கும் என்ட்ரோபி கெல்வினுக்கு 1 ஜூல். காற்று பெறுவதோ கெல்வினுக்கு 4 ஜூல். ஆக, மொத்த என்ட்ரோபி கெல்வினுக்கு 3 ஜூல் மிகுகின்றது. செங்கல் அடுக்கில் கூடிய ஒழுங்குக்கு உரிய விலையை எரிந்த விறகு செலுத்திவிட்டது.

‘என்ட்ரோபி’ என்னும் சொல்லை 1865இல் கிளாசியஸ் படைத்தார். மூலக்கூறுகள் எத்தனை வகைகளில் அமையக்கூடும் என்பதன் அளவே அது என 1877இல் போல்ட்ஸ்மன் விளக்கினார். வெப்பம் சூளைக்குள் அடங்கியிருக்கும் வகைகளைவிட, வெளியெங்கும் பரவியிருக்கும் வகைகள் கற்பனைக்கு எட்டாத அளவு மிகுதி. மோதி விலகும் ஒரு மூலக்கூற்றின் இயக்க விதியில் முன்பின் வேறுபாடு இல்லை. கோடானுகோடி மூலக்கூறுகள் கூடும்போதே திசை தோன்றுகின்றது. இத்திசைக்குக் ‘காலத்தின் அம்பு’ என்று 1928இல் வெளிவந்த தம் நூலில் எடிங்டன் பெயரிட்டார்.

கிள்ளான் ஆறு கடலில் கலந்தபின் நன்னீர் தானே பிரிந்து வருவதில்லை. ஆயினும் கதிரவன் கடல்நீரை ஆவியாக்க, அது மலையில் மழையாகி மீண்டும் ஆறாகின்றது. இங்கும் விலை உண்டு. அதைச் செலுத்துவது கதிரவன். அக்கதிரவன் பிறந்த பேரண்டம் தன் தொடக்கத்தில் ஏன் இத்துணைக் குறைந்த என்ட்ரோபியுடன் இருந்தது? அறிவியல் இன்னும் விடை தேடும் வினா இது.

எனவே, ஆசிரியர்களே, வகுப்பில் ‘ஒழுங்கின்மை’ என்னும் ஒரு சொல்லோடு நாம் நின்றுவிட வேண்டா. “வெப்பம் எங்கே போயிற்று?” என்று வினவுவோம். அழிந்ததை மீண்டும் கட்டுவதை இவ்விதி தடுப்பதில்லை. அதற்கான செலவைக் கணக்கில் எழுதுமாறு மட்டுமே அது நம்மைக் கேட்கின்றது. மாணவர்கள் அக்கணக்கைத் தமிழிலேயே போட்டுப் பழகட்டும்.